நம்பும்படியான ஒரு முகம்

இணையதளத்தில் போடப் படம் எடுக்க வேண்டும் என்று கலாமணி சொல்லியிருந்ததால் அன்று எல்லோரும் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்தில் நிற்க இடமில்லை. ஒருத்தியின் பவுடர் டப்பா கைமாறிக் கைமாறிக் கடைசியில் இந்திராணியிடம் வந்தபோது காலியாகியிருந்தது.

"எனக்கு வேணாம்க்கா. பூசினா சாம்பல்ல விழுந்த பூனையாட்டம் இருப்பன்" என்றாள் இந்திராணி.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கலாமணி படத்தை எடுத்துவிட்டாள்.

கலாமணி பல வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். தேறி வீட்டுக்குப் போன நோயாளிகள், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் படுக்கைப்புண்ணோடு திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்து வேலையை விட்டாள். 'கைத்தாங்கல்' என்று பெயர் வைத்து இதைத் தொடங்கினாள். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் கோயம்புத்தூரில் என்று இருக்கும் வீடுகளுக்குக் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண்களை அனுப்புவதுதான் தொழில். பெண்கள் ஓமலூர், மணப்பாறை, கரூர் என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். படுத்திருப்பவரை வலிக்காமல் திருப்பிப் போடுவதிலிருந்து குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது வரைக்கும் கலாமணியே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

இந்திராணி அரூர்ப் பக்கம். நல்ல உயரம், அகலமான தோள், கறுத்த முகம், சற்று எடுப்பான பல். கணவன் வேறொருத்தியோடு ஓசூருக்குப் போய்விட்டான். மகள் சேலத்தில் விடுதியில் தங்கி பாலிடெக்னிக் படித்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டாம் நாளே நோயாளியோடு சண்டை பிடிக்கும் அளவுக்கு ஒட்டிக்கொள்வாள். அந்தச் சண்டைக்காகவே அவளைத் திரும்பக் கேட்டவர்கள் உண்டு.

படம் இணையதளத்தில் ஏறியது. ஒருவரும் அழைக்கவில்லை. தளத்தை வடிவமைத்துக் கொடுத்த ஜெயசீலனைக் கலாமணி கூப்பிட்டாள். அவன் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் இருந்தான். கலாமணியைப் போலச் சிறு தொழில் செய்பவர்களுக்குத்தான் அந்தக் கம்பெனி தளங்கள் செய்து கொடுத்தது.

"தளத்துக்கு ஆளுங்க வர்றாங்க மேடம். ஆனா முதல் படத்தப் பாத்ததுமே போயிடறாங்க" என்றான்.

"படத்துல என்ன தம்பி குத்தம்? எங்க புள்ளைங்கதான் எல்லாரும்."

"குத்தம் ஒண்ணுமில்லைங்க. வேற படம் போட்டுப் பாப்போம். விலைக்குக் கிடைக்குது, அனுப்பறேன். நீங்களே தேர்ந்தெடுங்க."

அன்று மதியம் முழுவதும் கலாமணி படங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். வெள்ளைக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரப் பெண்கள் வெள்ளைக்காரத் தாத்தாக்களைச் சக்கர நாற்காலியில் வைத்துப் புல்வெளியில் தள்ளினார்கள். எல்லோருக்கும் பல் ஒரே மாதிரி இருந்தது. இந்திய முகங்கள் என்று தேடினால் விளம்பர மாடல்கள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு கைகட்டி நின்றார்கள். கைகளுக்கு மட்டும் தனியாக ஒரு படம் இருந்தது: சுருங்கிய கையை ஒரு இளம் கை பிடித்திருந்தது. அதையே போட்டுவிடலாமா என்று கூட யோசித்தாள். கடைசியில் அலுத்துப்போய் ஜெயசீலனை அழைத்தாள்.

"எதுவும் ஒட்டலைங்க தம்பி. மலம் மூத்திரம் அள்றவங்க மாதிரி ஒருத்தரும் இல்ல."

அவன் சிரித்தான். "அப்ப நீங்க தேர்ந்தெடுக்கவே வேண்டாம் மேடம். 'முகப்பு'ன்னு புதுசா ஒண்ணு வந்திருக்குது. பாக்கறவங்களுக்குத் தகுந்தாப்ல படத்த அதுவே தேர்ந்தெடுத்துக்கும். சேத்து விடட்டுங்களா?"

சேர்க்கச் சொன்னாள். மறுநாள் தன் தொலைபேசியில் தளத்தைத் திறந்தபோது அதில் ஒரு பெண் இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், சாதாரணக் காட்டன் சேலை, ராத்திரி டியூட்டி முடித்தவளின் கண்கள், ஆனால் வாயோரம் பொறுமை. இந்த ஆளை நம்பி அம்மாவை விட்டுவிட்டுப் போகலாம் என்று கலாமணிக்கே தோன்றியது. இவ்வளவு சரியான படம் எங்கே கிடைத்தது என்று வியந்தாளே தவிர, கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. அழைப்புகள் வரத் தொடங்கியிருந்தன.

முதல் அழைப்பு ரேஸ்கோர்ஸ் பகுதியில் ஒரு வீட்டிலிருந்து. ஓய்வுபெற்ற மில் அதிகாரி ஒருவர், இடுப்பு உடைந்து கிடந்த மனைவிக்கு ஆள் கேட்டார். இந்திராணியை அனுப்பினாள். அவள் பையோடு போய், பையோடு திரும்பி வந்தாள்.

"கேட்டுக்குள்ளயே விடலக்கா. போட்டோவுல இருந்த பொண்ண அனுப்பச் சொல்லுன்னுட்டாரு."

அது மாதிரிக்கு வைத்த படம்தான் என்று விளக்கிச் சொல்லக் கலாமணியே அந்த வீட்டுக்குப் போனாள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். காபி வந்தது. தன் கைக்கணினியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"நீங்களே பாருங்க. இந்தப் பொண்ணத்தான நாங்க கேட்டோம்?"

திரையில் கைத்தாங்கல் தளம். கைத்தாங்கல் பெயர், கலாமணியின் எண். ஆனால் அந்தப் பெண் கலாமணி பார்த்தவள் அல்ல. இருபத்தைந்து வயது இருக்கும். சிவந்த நிறம், நெற்றியில் மெல்லிய கீற்றாக விபூதி, இரண்டு பக்கமும் மூக்குத்தி. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்திலிருந்து இறங்கி வந்தவள் போல இருந்தாள்.

கலாமணி காபியைக் குடித்து முடிக்காமல் எழுந்தாள். வழியில் இரண்டு வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போய் அவர்களுடைய தொலைபேசியில் தளத்தைக் காட்டச் சொன்னாள். ஒரு வீட்டில் கழுத்தில் சிலுவைச் சங்கிலி. இன்னொன்றில் தலையில் முக்காடு. எல்லா முகமும் சிவப்பு அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் அந்தந்த வீட்டுக்காரர்களின் சொந்தக்காரியைப் போல இருந்தது.

நேராகச் சரவணம்பட்டிக்குப் போனாள். ஜெயசீலன் அவளைக் கண்ணாடி அறை ஒன்றில் உட்கார வைத்தான்.

"இருக்கற படத்துலருந்து தேர்ந்தெடுக்கும்னு நெனச்சனுங்க தம்பி. இது ஆளச் செய்யுதே."

"ஆமாங்க. பாக்கறவங்க யார நம்புவாங்களோ அந்த முகத்த அந்த நிமிஷமே செஞ்சு வைக்கும். அவங்க போன்ல எந்த முகத்து மேல கண்ணு நிக்குது, எதத் தள்ளி விடறாங்க, யாரு படத்தச் சேத்து வெச்சிருக்காங்க, எல்லாத்தயும் வெச்சுக் கத்துக்குது."

"ஜாதி என்னன்னு பாக்குதா?"

"ஜாதின்னு ஒரு கட்டமே கிடையாதுங்க மேடம். வேணும்னேதான் வைக்கல. மதம், நெறம் எதுவும் இல்ல. நம்பிக்கைன்னு ஒரே ஒரு எண். எதக் காட்டுனா அந்த எண் ஏறுதோ, அதக் காட்டும்."

"அப்ப அந்த ஒரு எண்ணுக்குள்ளயே எல்லாம் உக்காந்திருக்குதுங்களா?"

"உள்ள என்ன இருக்குதுன்னு எங்களாலயும் பாக்க முடியாதுங்க."

அவன் பொய் சொல்லவில்லை என்று கலாமணிக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கோபித்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

முகப்பை எடுக்கச் சொன்னாள். பெண்கள் சிரித்துக்கொண்டிருக்கும் பழைய படம் திரும்ப ஏறியது. அடுத்த நாளே அழைப்பு நின்றது. அடுத்த வாரமும் வரவில்லை. ஊரிலிருந்த மற்ற எல்லா நிறுவனங்களும் இதற்குள் முகப்பைச் சேர்த்திருந்தன. ஒரே படத்தை எல்லோருக்கும் காட்டும் தளம் எதையோ மறைக்கிறது என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது. ஒரு பெண்மணி அழைத்து, "ஏனுங்க, உங்க படமெல்லாம் நெசமானதுங்களா, ஒரு மாதிரி இருக்குதே" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

வேலையில்லாத பெண்கள் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. மணப்பாறைப் பெண் ஒருத்தி ஊருக்கே திரும்பிப் போனாள். ஒரு நாள் காலை இந்திராணி எழுந்து கலாமணியின் மேஜைக்கு எதிரில் வந்து நின்றாள்.

"அக்கா, எங்க மூஞ்சிய எடுத்துருங்கக்கா."

கலாமணி நிமிர்ந்து பார்த்தாள். இந்திராணிக்குப் பின்னால் மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பே பேசிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

"நெசமான படம் அதுதான் இந்திராணி."

"நெசந்தான். யாருக்கு வேணும்? ஊட்டுக்குள்ள போயிட்டா நான் பாத்துக்கறன். உள்ள போறதுக்குத்தான் அவ வேணும்."

கலாமணி ஜெயசீலனை அழைத்து முகப்பைத் திரும்பச் சேர்க்கச் சொன்னாள்.

அப்படித்தான் சரோஜினி அம்மாளின் வீடு வந்தது. சாயிபாபா காலனியில் பெரிய வீடு. அதில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன சரோஜினி அம்மாள் மட்டும். ஒரே மகன் நந்தகோபால் ஆஸ்திரேலியாவில். அம்மாவை உட்காரவைத்துத் தினமும் வீடியோவில் காட்ட வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

முதல் நாள் இந்திராணி திரையில் தெரிந்ததும் அவர் பேச்சை நிறுத்தினார். அவள் பெயரைக் கூடக் கேட்கவில்லை. துண்டித்துவிட்டுக் கலாமணியை அழைத்தார்.

"மேடம், நான் யாரையும் கொறச்சுச் சொல்லல. எங்கம்மா பழைய காலத்து ஆளு. அவங்களுக்கு ஒத்து வராது. தளத்துல இருந்தவங்களயே அனுப்பிருங்க."

தளத்தில் அவருக்கு யார் தெரிந்தாள் என்று கலாமணிக்குத் தெரியாது. அவள் ஜெயசீலனிடம் இதைச் சொன்னபோது அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "இதே பிரச்சனை எல்லா இடத்துலயும் வந்திருச்சுங்க. அதனால முகப்பு இப்ப வீடியோவுக்கும் வந்திருச்சு. உங்க பேர்ல ஒரு ஆப் செஞ்சு தர்றேன். அது வழியா பேசினா, தளத்துல அவர் பாத்த முகமே வீடியோவுலயும் தெரியும். ஆளு அவங்கதான், பேச்சும் அவங்கதுதான். முகம் மட்டும்."

"அது ஏமாத்தறதில்லீங்களா?"

"கீழ ஒரு வரி வரும் மேடம், 'காட்சி மேம்படுத்தப்பட்டது'ன்னு. சட்டப்படி அது போதும்."

கலாமணி இந்திராணியை அழைத்து எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று பாதி எதிர்பார்த்தாள்; பாதி அதற்குப் பயந்தாள்.

இந்திராணி கேட்டு முடித்து, "பவுடர் செலவு மிச்சம்" என்றாள். பிறகு, "பேரு மட்டும் என்னுதா இருக்கட்டும்க்கா" என்றாள்.

ஆளை மாற்றியாகிவிட்டது, பெயர் இந்திராணி, இனி எங்கள் ஆப் வழியாகப் பேசுங்கள் என்று கலாமணி நந்தகோபாலுக்குச் செய்தி அனுப்பினாள். அனுப்பிவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

எல்லாம் நன்றாகவே நடந்தது. சரோஜினி அம்மாள் முதல் வாரம் இந்திராணியைத் திட்டினாள், இரண்டாம் வாரம் இந்திராணி திருப்பித் திட்டினாள். அதன்பிறகு இருவரும் ஒரே தட்டில் களி சாப்பிட்டார்கள். முருங்கைக்கீரைக் குழம்பு ஊற்றிக் களியை ஆட்காட்டி விரலால் வழித்து ஊட்டினால் அம்மாள் குழறிக் குழறி இன்னும் கேட்பாள். விழுந்த கையில் கொஞ்சம் அசைவு வந்தது. தோல் ஒரு இடத்தில்கூடச் சிவக்கவில்லை. பார்க்கப் போன கலாமணியே படுக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு குறையும் சொல்ல முடியாமல் வந்தாள்.

தினமும் மதியம் நந்தகோபால் அழைப்பார். அவருக்கு அப்போது சாயங்காலம். முதலில் அம்மாவிடம் மட்டும் பேசினார். பிறகு இந்திராணியிடமும் பேசினார். மனைவியோடு பிரிந்திருந்தார், சமைக்கத் தெரியாது, அங்கே குளிர். இந்திராணி ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். "உங்க மொகத்தப் பாத்தாலே மனசு அடங்குதுங்க" என்றார் ஒரு நாள். தீபாவளிக்குச் சேலை அனுப்பினார்: சந்தன நிறத்தில் இளஞ்சிவப்புப் பூ.

"இந்தக் கலரு எனக்கு எடுக்காதுக்கா" என்று சொல்லிக்கொண்டே இந்திராணி அதைக் கட்டிக்கொண்டு அவருக்குக் காட்டினாள். உங்களுக்காகவே நெய்தது போல இருக்கிறது என்றாராம்.

பேசும்போது கைக்கணினியின் ஓரத்தில் சிறு கட்டத்தில் இந்தப் பக்கத்துக் காட்சி, அவருக்குத் தெரிவது போலவே, தெரியும். இந்திராணி அதைப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு நாள், மேஜையைத் துடைத்துவிட்டுக் கணினியைச் சற்றுக் கிட்டே நகர்த்தி வைத்தபோது, சரோஜினி அம்மாள் பார்த்துவிட்டாள். படத்தில் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒரு சிவந்த பெண் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்தால் அந்த இடத்தில் இந்திராணி. திரும்பத் திரையைப் பார்த்தாள். நல்ல கையால் இந்திராணியின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நந்து, யாருடா அது" என்றாள் குழறலாக.

"இந்திராணிம்மா. உங்களப் பாத்துக்கறவங்க."

"இல்லடா. அவ வேற. எங்கூட இருக்கறவ கறுப்பி. எங்கறுப்பி. இவ யாரோடா."

நந்தகோபாலின் முகம் சுருங்கியது. "தப்பா எடுத்துக்காதீங்க இந்திராணி" என்றார். "அம்மாவுக்கு நெனப்புத் தடுமாறுது."

அம்மாள் அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள், நீயாவது சொல்லேன் என்பது போல.

அந்த வாரம் முழுக்க அம்மாள் அதையே சொன்னாள். வீட்டுக்குள் ஒருத்தி இருக்கிறாள், கண்ணுக்குத் தெரியவில்லை, பெட்டிக்குள் மட்டும் வருகிறாள் என்று அழுதாள். நந்தகோபால் அங்கிருந்தே ஒரு மனநல மருத்துவரை வீடியோவில் ஏற்பாடு செய்தார். பக்கவாதத்துக்குப் பிறகு இப்படி ஆளை மாற்றிப் பார்ப்பது உண்டு என்று மருத்துவர் சொல்லி மாத்திரை எழுதினார். மாத்திரை போட்ட அம்மாள் பகலெல்லாம் வாய் பிளந்து தூங்கினாள். களி தொண்டையில் நின்றது.

இந்திராணி கலாமணியை அழைத்தாள். வழக்கமான கேலி இல்லை.

"அந்தம்மா உண்மையத்தான்க்கா சொன்னுச்சு. அதுக்குப் போயி மாத்திரை குடுக்கறாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

கலாமணி அப்போதே நந்தகோபாலை அழைத்தாள். சொல்லிவிடுவது என்றுதான் அழைத்தாள். அவர் எடுத்ததும், "மேடம், நானே கூப்பிடலாம்னு இருந்தேன்" என்றார். "அம்மா இப்ப அமைதியா இருக்காங்க. இந்திராணி மாதிரி ஒருத்தர் கெடச்சது நான் பண்ணுன புண்ணியம். அவங்க மட்டும் இல்லேன்னா அம்மாவ ஹோம்லதான் விட்டிருப்பேன்."

சொன்னால் இந்திராணி இன்றே வெளியே. அம்மாள் நாளைக்கு ஹோமில். கைத்தாங்கலின் மற்ற வீடுகளிலும் இப்போது இதே ஏற்பாடுதான். ஒரு வீட்டில் உடைந்தால் எல்லாம் உடையும். கலாமணியின் வாயில் வந்து நின்ற வார்த்தை வேறாக மாறியது.

"அந்த மாத்திரை கொஞ்சம் அதிகமோன்னு தோணுச்சுங்க சார். டாக்டர்கிட்ட ஒருக்கா கேட்டுக்கலாம்."

"கேக்கறேன் மேடம்" என்றார். மருத்துவர் இன்னும் ஒரு மாதம் தொடரச் சொன்னார்.

இந்திராணி காத்திருக்கவில்லை. மாத்திரையைக் குளியலறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். கைக்கணினியை அம்மாள் கண்ணுக்குப் படாமல் கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் உயர்த்தி மாட்டினாள். அதன்பிறகு மகன் குரல் மட்டும் அம்மாளுக்குக் கேட்டது. அவள் தெளிந்தாள், களி சாப்பிட்டாள், சண்டை போட்டாள். ஆனால் மகன் பேசும் நேரத்தில் மட்டும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசினால் என்ன வரும் என்று தெரிந்துவிட்டவள் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மருந்து வேலை செய்கிறது என்று நந்தகோபால் நினைத்துக்கொண்டார்.

மார்கழிக் குளிரில் அம்மாளுக்குச் சளி பிடித்து, நெஞ்சுக்கு இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்தாள். ஒரு நாள் காலை, வெந்நீரில் துணி நனைத்து முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். துடைத்துக்கொண்டிருந்த கையை இந்திராணி நிறுத்தவில்லை. கழுத்து, கை, விரலிடுக்கு என்று முழுக்கத் துடைத்து, தலை வாரிப் பின்னிவிட்ட பிறகுதான் கலாமணியை அழைத்தாள்.

மறுநாள் நந்தகோபால் வந்து இறங்கினார். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இந்திராணி தலைமாட்டில், சுவரோரமாக. அவர் அம்மாவைப் பார்த்தார், பெட்டியின் மேல் நெற்றியை வைத்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் தேடினார். அவருடைய பார்வை இந்திராணியைக் கடந்து போயிற்று. திரும்ப வந்து நின்றது.

"நீங்க அன்னிக்கு வந்தவங்கதான?" என்றார். "இந்திராணி எங்க?"

"நாந்தாங்க சார்."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் வெறுப்பு இல்லை. சாவு வீட்டில் யாரோ விளையாடுகிறார்கள் என்ற திகைப்புத்தான் இருந்தது. "வெளிய போங்கம்மா" என்றார் மெதுவாக.

இந்திராணி எழுந்து பின்பக்கம் போனாள். பாடை புறப்பட்டபோது வேலியோரம் வேலைக்காரப் பெண்களோடு நின்று பார்த்தாள்.

காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிற்பகல் கலாமணி அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். தன் தொலைபேசியைத் திறந்து காட்டினாள். இந்திராணியை அறை வாசலில் நிற்கவைத்து அவருடைய தொலைபேசிக்கு ஆப் வழியாக அழைத்தும் காட்டினாள். நந்தகோபால் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். அவருடைய கண் கலாமணியை நம்பியது. வேறு ஏதோ நம்பவில்லை.

"அப்ப அந்தப் பொண்ணு?"

"அப்படி ஒருத்தர் இல்லைங்க சார்."

"என்னோட ஒரு வருஷமா பேசுனாங்களே மேடம். நான் எங்க வீட்ல யார்கிட்டயும் சொல்லாததெல்லாம் சொல்லியிருக்கேன்."

"பேசுனது இந்திராணிதானுங்க."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "அவங்கள ஏதாவது பேசச் சொல்லுங்க" என்றார்.

வாசலில் நின்றிருந்த இந்திராணி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா கடேசில கஷ்டப்படல சார்" என்றாள். "முந்தின நாளு ராவு உங்க பேரச் சொன்னுச்சு. நந்துவுக்கு நெஞ்செலும்புக் கொழம்புன்னா உசுரு, வந்தா வெச்சுக் குடுன்னு சொன்னுச்சு. நான் வெக்கறன்னு சொன்னன்."

அவருடைய முதுகு குலுங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா இறந்ததற்கு அழாத அழுகையை அழுதார். "ஆமா, நீங்கதான், நீங்கதான்" என்றார். அழுதுகொண்டே கையைக் கூப்பியபடி திரும்பினார்.

இந்திராணியைப் பார்த்தார். அழுகை நின்றது. கூப்பிய கை அப்படியே இருந்தது. அதில் எதுவும் இல்லை. ஏதோ தன்னிடமிருந்து போய்விட்டது என்பது அவருக்கே தெரிந்து, வெட்கப்பட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"முடியலைங்க" என்றார். "மன்னிச்சுக்குங்க. எனக்குத் தெரியுது, ஆனா முடியல."

பிறகு அவர் கலாமணியிடம், இந்திராணியைப் பார்க்காமல், கேட்டார்: "மேடம், அந்த ஆப்ப இன்னும் நிறுத்தலையில்ல? அவங்கள வேற ரூமுக்குப் போயி ஒரே ஒரு தடவ கூப்பிடச் சொல்றீங்களா? நன்றி சொல்லோணும். மொகத்தப் பாத்துச் சொல்லோணும்."

"சார், அவ மொகம் இங்க இருக்குது" என்றாள் கலாமணி.

அவர் தன் தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த வாக்கியத்தைச் சொல்லத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கலாமணிக்கே தோன்றிவிட்டது. வேண்டாம் என்று இந்திராணியிடம் தலையசைத்தாள்.

இந்திராணி அவளுடைய கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். "விடுங்கக்கா" என்றாள். "மனுசன் யாருகிட்டயாவது சொல்லித்தான ஆவணும்."

சமையலறைக்குள் போனாள். கலாமணி நடையில், இரண்டு அறைக்கும் நடுவில் நின்றாள். ஒரு பக்கம் நந்தகோபால் கட்டிலில் உட்கார்ந்து தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவருடைய முகம் மலர்ந்து, பிறகு உடைந்தது. "இந்திராணி" என்றார். "நீங்க இல்லேன்னா எங்கம்மா இத்தன நாள் இருந்திருக்க மாட்டாங்க. என் கூடப்பொறந்தவ மாதிரி பாத்தீங்க. நான் இத எப்பவும் மறக்க மாட்டேன்." சொல்லச் சொல்ல அழுதார். ஒளிவு மறைவில்லாமல், பிள்ளையைப் போல.

இன்னொரு பக்கம் இந்திராணி அடுப்பு மேடையில் சாய்ந்து, கையை நீட்டித் தொலைபேசியைப் பிடித்திருந்தாள். அவளுடைய கண்ணிலிருந்தும் நீர் வழிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அழுவாதீங்க சார்" என்றாள். "காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க."

திரையின் ஓரத்துச் சிறு கட்டத்தில் அந்தச் சிவந்த பெண்ணும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதையே சொன்னாள்.